மரத்தில் தட்டுக் காளான்: வாசகர் கேள்விகள்

தென்னை அடியில் செம்பழுப்பாக நீர் வடிகிறது, பக்கத்தில் கட்டை போன்ற காளான். செதுக்கி எறிந்துவிட்டேன். போதுமா? (பட்டுக்கோட்டை)

போதாது. வெளியே தெரிவது பூஞ்சையின் காய் மாதிரிதான். உடல் முழுக்க வேரிலும் தண்டுக்குள்ளும் இழையாக ஓடிக்கொண்டிருக்கும். இந்தப் பூஞ்சையின் பெயர் கானோடெர்மா, இதனால் வருவது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு நம் ஜில்லாவில்தான் பெரிதாகக் கண்ணில் பட்டது.

காளான் தலைகாட்டிய மரம் பெரும்பாலும் பிழைக்காது. தூரோடு தோண்டி எரித்துவிடுங்கள். அடிக்கட்டையை மட்டும் மண்ணில் விட்டுவைப்பவர்கள்தான் அதிகம், அங்கிருந்துதான் அடுத்த மரத்துக்குப் போகும். மிச்ச மரங்களுக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, தொழுவுரத்தில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சை). நோய் தொடங்கிய மரத்தின் தூரைச் சுற்றி ஒரு சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) 40 லிட்டர் ஊற்றலாம். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், போர்டோவிலுள்ள தாமிரம் டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். நோய் மரத்தின் தண்ணீர் நல்ல மரத்துக்கு ஓடாதபடி தனித்தனிப் பாத்தி கட்டுங்கள். உழவு ஓட்டி வேரை அறுக்கவும் வேண்டாம்.

ரெய்ஷி பொடி டப்பாவில் விற்கிறார்களே, எங்கள் தோப்புக் காளானும் அந்த இனம்தானாம். கஷாயம் வைக்கலாமா? (மன்னார்குடி)

வேண்டாம். கானோடெர்மா இனக் காளானைச் சீனாவில் லிங்ஷி, ஜப்பானில் ரெய்ஷி என்று நூற்றாண்டுகளாகக் கொதிக்கவைத்துக் குடிப்பது உண்மை. மரக்கட்டை மாதிரி இருப்பதால் மென்று தின்ன முடியாது, கசப்பும் அதிகம். ஆனால் கானோடெர்மாவில் பல வகை, கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். அதுவும் மருந்து ஊற்றிய மரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்! டப்பாவில் வருவதும் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

வாசல் தூங்குமூஞ்சி மரத்தில் தட்டுத் தட்டாக வந்திருக்கிறது. ஆபத்தா? (கும்பகோணம்)

அடிமரத்தில் என்றால் ஆம், உள்ளே உளுத்திருக்கும். ஐப்பசிக் காற்றுக்கு முன் விஷயம் தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மரக்காளானில் தீ மூட்டுவார்களாமே? (கல்லூரி மாணவி, திருவையாறு)

ஐரோப்பாவில் மூட்டினார்கள். அங்கே பிர்ச், பீச் மரங்களில் வளரும் ஃபோமெஸ் காளானின் உள்சதையைத் தட்டி மெத்தென்று ஆக்கினால், ஒரு பொறி பட்டதும் கனியும், லேசில் அணையாது. வெட்டுக்காயத்தில் வைத்து ரத்தத்தை நிறுத்தவும், தொப்பி செய்யவும்கூட அதுவே. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டு பழைய மனிதரிடமும் அது இருந்தது. நம் ஊர்க் காளானில் முயன்று பார்க்காதீர்கள், இலவம்பஞ்சு இருக்கிறதே! வேண்டுமானால் படம் வரையலாம். கானோடெர்மாவில் ஒரு வகைக்கு அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும், குச்சியால் கீறினால் பழுப்புக் கோடு விழும், காய்ந்தாலும் அழியாது.