மோட்டார்ஹோமுக்குப் பின்னால் ஒரு கார்: வாசகர் கேள்விகள்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன், படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டியின் வாலில் ஒரு சின்ன கார் இருந்தால் ஊர் சுற்றுவது எவ்வளவு சுலபம் என்று. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு சிறிய ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது. அதையே நியூட்ரலில் போட்டு, நாலு சக்கரமும் தரையில் உருள, மோட்டார்ஹோமுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகலாமா? நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்கிறார், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

பதில்: ஐயா, நண்பர் சொன்னதை ஓரமாக வையுங்கள். காரோடு வந்த கையேட்டை எடுங்கள், பெரும்பாலும் டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் கிடக்கும். அதில் இழுத்துச் செல்வது பற்றி ஒரு பக்கம் இருக்கும். நாலு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம் என்று அங்கே எழுதியிருந்தால் இழுக்கலாம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான். அதே பக்கத்தில் வண்டி பழுதாகி நின்றால் இவ்வளவு தூரம்வரை இழுக்கலாம் என்றும் சில கையேடுகளில் இருக்கும். அது மெக்கானிக் கடைவரை போய்ச் சேருவதற்கு, விடுமுறைப் பயணத்துக்கு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுற்றவிடுவது ஒரு பம்ப், அந்தப் பம்பைச் சுழற்றுவது இஞ்சின். இழுத்துப் போகும்போது இஞ்சின் அணைந்திருக்கிறது, பம்ப் நிற்கிறது, ஆனால் சக்கரம் நிற்கவில்லையே! சக்கரத்தோடு சேர்ந்து கியர் பாக்ஸின் உள்ளே பாதி உறுப்புகள் மணிக்கணக்கில் எண்ணெய் இல்லாமல் சுற்றிக்கொண்டே வரும். நியூட்ரலில் போட்டால் இஞ்சினோடு தொடர்பு அறுகிறதே தவிர சக்கரத்தோடு அறுவதில்லை. சூடேறும், தேயும், ஒரு நாள் நின்றுவிடும். நண்பருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம்.

விதிவிலக்குகளும் உண்டு. ஜீப் ராங்லர் மாதிரி வண்டிகளில், கியர் பாக்ஸின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கென்றே தனியாக ஒரு நியூட்ரல் இருக்கும், அதில் போட்டுவிட்டால் சக்கரங்களுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே உண்மையாகவே தொடர்பு அறுந்துவிடுகிறது. மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் அடிக்கடி அந்த வண்டியைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். வட அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிஆர்வி 2014 மாடல்வரை ஆட்டோமேட்டிக்காக இருந்தும் இப்படி இழுக்க அனுமதி பெற்றது, கிளம்பும் முன் இஞ்சினை ஓடவிட்டு கியரை ஒவ்வொன்றாக மாற்றிச் செய்யும் ஒரு சடங்கோடு. 2015இல் கியர் பாக்ஸ் சிவிடி என்கிற, படிப்படியான கியர்கள் இல்லாத வேறு வகை ஆட்டோமேட்டிக்காக மாறியது, அனுமதியும் போயிற்று. பெயர் அதே, தோற்றமும் ஏறக்குறைய அதே. ஆகவே மாடல் பெயரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், உங்கள் வண்டி தயாரான வருடத்தின் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொருவர் மேனுவல் கியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம்தானே என்று கேட்டிருக்கிறார். முன்சக்கர இயக்கம் உள்ள பல மேனுவல் கார்களில் உருளும் சக்கரமே உள்ளே எண்ணெயை வாரி அடித்துவிடும், அதனால் தப்பிக்கும். எல்லா மேனுவலும் அப்படி இல்லை, இஞ்சின் பக்கத்துத் தண்டு சுற்றினால்தான் எண்ணெய் மேலேறும் என்கிற அமைப்புகளும் இருக்கின்றன. கண்ணை மூட வேண்டாம். மின்சாரக் கார் என்றால் பேச்சே வேறு: சக்கரம் உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும், மின்சாரம் உண்டாகும், சூடும் உண்டாகும். டெஸ்லா தன் கையேட்டில் நாலு சக்கரமும் தரையைத் தொடாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

கேள்வி: என் மோட்டார்ஹோமின் பின்னால் இழுப்பதை மாட்டும் ஹிட்ச் மீது 2,270 கிலோ என்று பொறித்திருக்கிறது. கார் 1,150 கிலோதான். பாதிதானே, கவலை இல்லையே?

பதில்: அந்த எண் ஹிட்ச் என்கிற இரும்புத் துண்டு எவ்வளவு தாங்கும் என்று சொல்கிறது. வண்டி எவ்வளவு இழுக்கும் என்பது வேறு கணக்கு. உங்கள் மோட்டார்ஹோமுக்கு இரண்டு வரம்புகள் இருக்கும்: தான் மட்டும் சரக்கோடு எவ்வளவு எடை இருக்கலாம் என்பது ஒன்று, பின்னால் இழுப்பதையும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. உதாரணத்துக்கு மொத்த வரம்பு 6,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தண்ணீர், எரிபொருள், காஸ், துணிமணி, மடக்கு நாற்காலி, ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு எடை மேடையில் நிறுத்துகிறீர்கள், 5,400 காட்டுகிறது. மிச்சம் 1,100. உங்கள் காரோ 1,150. ஹிட்ச் மீது என்ன பொறித்திருந்தாலும் 50 கிலோ அதிகம், காருக்குள் போட்டு வைத்திருக்கும் சாமான் தனி.

பெரும்பாலோர் விற்பனைத் தாளில் போட்டிருக்கும் காலி எடையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். காலி எடையில் யாரும் பயணம் போவதில்லை. 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் அதுவே 150 கிலோ. சாமான் ஏற்றிய வண்டியை ஒரு தடவையாவது மேடையில் ஏற்றிப் பாருங்கள். அப்புறம் ஹிட்ச், அதையும் காரையும் இணைக்கும் டோ பார் என்கிற இரும்புக் கம்பி, டோ பாரை மாட்டக் காரின் முன்பக்கம் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) பொருத்தும் பேஸ் பிளேட், சங்கிலி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாங்கு எண் உண்டு. அதில் எது சிறியதோ அதுதான் உங்கள் எண்.

பேஸ் பிளேட் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. காரின் பம்பரில் திருகி மாட்டுகிற அந்த வளையம் இருக்கிறதே, சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி இழுப்பதற்கு, அதில் டோ பாரை மாட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அது ஒரு தடவை இழுத்து வெளியே எடுப்பதற்கு, ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கிக்கொண்டே வருவதற்கு அல்ல.

கேள்வி: கார் 900 கிலோதான். பின்னால் இருப்பதே தெரியவில்லை. இதற்குத் தனி பிரேக் தேவையா, விற்பவர்கள் பயமுறுத்துகிறார்களா?

பதில்: போகும்போது தெரியாது, நிற்கும்போதுதான் தெரியும். மோட்டார்ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. பின்னால் 900 கிலோ பிரேக் இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தால், திடீரென்று மிதிக்க வேண்டிய அந்த ஒரு தடவை, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித்தான் நிற்பீர்கள். மலை இறக்கத்தில் இன்னும் மோசம், பிரேக் சூடாகி மிதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கியரைக் குறைத்து இஞ்சின் பிடியில் இறங்குவது எப்படியும் செய்ய வேண்டியது, அது காரின் பிரேக்குக்குப் பதில் ஆகாது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் உள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், பிரிட்டனில் இப்படிக் கட்டி இழுக்கும் காரையும் டிரெய்லராகவே கணக்கில் எடுக்கிறார்கள். வேகமும் அப்படித்தான், கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துக்கொண்டு போனால் மணிக்கு 55 மைல், எதையும் இழுக்காமல் போகும் காருக்கு உள்ள வேகம் உங்களுக்குக் கிடையாது. ஆனால் சட்டம் கேட்காத இடத்திலும் நான் பிரேக் இல்லாமல் இழுக்க மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

எளிய வகை, காரின் ஓட்டுநர் இருக்கைக்கு முன் வைக்கிற ஒரு பெட்டி. அதிலிருந்து நீளும் ஒரு கரம் காரின் பிரேக் மிதியைப் பிடித்திருக்கும், மோட்டார்ஹோம் வேகம் குறையும்போது அதுவும் மிதிக்கும். நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அந்த அளவுக்கு அதுவும் அழுத்துகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள், எப்போதும் ஒரே அழுத்தம் கொடுப்பது மலிவு, ஆனால் மெல்ல மிதித்தாலும் காரின் டயர் தேயும். கவனிக்க ஒன்று உண்டு: இஞ்சின் அணைந்த காரில் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்தால் மிதி கல் மாதிரி ஆகிவிடும், மிதியை இலேசாக்க உதவிக்கு இருந்த காற்றில்லா வெற்றிடம் தீர்ந்துபோகிறது. நான் வைத்திருக்கும் பெட்டிக்கு, முதலில் மிதியை நாலைந்து தடவை மிதித்து அந்த வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு அப்புறம்தான் பொருத்தச் சொல்கிறார்கள். இதைச் செய்யாவிட்டால் முதல் பிரேக்கிலேயே காரின் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கூடவே பிரேக்அவே சுவிட்ச் என்று ஒன்று. ஒரு மெல்லிய கம்பி, கார் கழன்றுகொண்டால் அது ஊசியை இழுத்துவிடும், காரின் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பியை டோ பாரிலேயே மாட்டி வைத்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். டோ பார் கழன்றால் கம்பியும் கூடவே கழன்று போகும், அப்புறம் எதற்கு அது? மோட்டார்ஹோமின் அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டும்.

கேள்வி: கார் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கலாமா, கொஞ்சம் தூரம்?

பதில்: எடுக்கக்கூடாது. முன்னால் இழுக்கும்போது காரின் முன்சக்கரங்கள் தானே நேராகும், தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி. பின்னால் தள்ளினால் ஒரு பக்கமாக மடங்கி முழுசாகத் திரும்பிவிடும், நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் இருந்துகொண்டு அதை உணரவே மாட்டீர்கள், டோ பார் வளைந்த பிறகுதான் தெரியும். பெட்ரோல் பங்கில் நுழையும் முன்பே வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் இறங்கி, காரைக் கழற்றி, தனியாக ஓட்டி, மறுபடி மாட்டுங்கள். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார், அடிக்கட்டும்.

கேள்வி: என் கார் நாலு சக்கரமும் உருள இழுக்கத் தகுதியில்லை என்று கையேடு சொல்கிறது. டாலியா, முழு டிரெய்லரா?

பதில்: டாலி என்பது இரண்டு சக்கரம் உள்ள சின்ன வண்டி, காரின் முன்சக்கரங்கள் அதன்மேல் ஏறி நிற்கும், பின்சக்கரங்கள் தரையில் உருளும். முன்சக்கர இயக்கம் உள்ள கார் என்றால் பெரும்பாலும் சரிவரும், அதற்கும் கையேட்டில் ஒரு வரி இருக்கும். நாலு சக்கர இயக்கம் உள்ள காரை டாலியில் ஏற்றாதீர்கள். முன்சக்கரம் நிற்க, பின்சக்கரம் சுற்ற, நடுவில் இருக்கும் இணைப்பு வெந்துபோகும். அவற்றுக்கு முழு டிரெய்லர்தான். டிரெய்லரில் எந்தக் காரையும் ஏற்றலாம், ரிவர்ஸும் எடுக்கலாம், ஆனால் அதன் சொந்த எடையும் உங்கள் மிச்சத்திலிருந்துதான் கழியும். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் காலி டிரெய்லரை எங்கே நிறுத்துவது என்பது தனித் தலைவலி. உண்மையைச் சொன்னால், இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிப்பேருக்கு இப்போதுள்ள காரை விற்றுவிட்டு இழுக்கத் தகுதியான பழைய கார் ஒன்று வாங்குவதுதான் நிம்மதி.

கேள்வி: ஒவ்வொரு தடவையும் போய்ச் சேர்ந்து பார்த்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை, பேட்டரி இறங்கிவிடுகிறது.

பதில்: ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்க சாவியைத் திருப்பி வைத்திருப்பீர்கள். அந்த நிலையில் ரேடியோ முதல் கணினிவரை எல்லாம் மெதுவாக மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும், பிரேக் பெட்டியும் அதே பேட்டரியிலிருந்து எடுத்தால் கேட்கவே வேண்டாம். மோட்டார்ஹோமிலிருந்து ஒரு சார்ஜ் கம்பி ஃபியூஸோடு இழுத்துக் கொடுத்துவிடுங்கள், தீர்ந்தது. காரின் பின்விளக்குகளை மோட்டார்ஹோமோடு இணைக்கும்போது இடையில் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுவது) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் மின்சாரம் எதிர்த்திசையில் காரின் மற்ற சர்க்யூட்டுகளுக்குள் புகுந்து தொல்லை கொடுக்கும்.

கேள்வி: கிளம்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்? நானும் கணவரும் மாட்டும்போதெல்லாம் சண்டைதான்.

பதில்: ஒருவர் மட்டும் மாட்டுங்கள், மற்றவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். மாட்டி முடித்ததும் மற்றவர் வந்து தனியாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து பேசிக்கொண்டே செய்யும்போதுதான் இணைப்பைப் பூட்டும் ஊசி விட்டுப்போகும், அவர் போட்டிருப்பார் என்று இவரும் இவர் போட்டிருப்பார் என்று அவரும். சமதரையில், நேராக நிறுத்தி மாட்டுங்கள். டோ பார் ஏறக்குறைய மட்டமாக இருக்க வேண்டும், 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது கார் மேலேறப் பார்க்கும், அதற்கு உயரம் சரிசெய்யும் துண்டு கிடைக்கும். சங்கிலிகள் டோ பாருக்குக் கீழே குறுக்காக. விளக்குகளை ஒருவர் போட ஒருவர் பார்க்க.

ஹேண்ட் பிரேக்கைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில் மாட்டியிருக்கிறேன். காரின் ஹேண்ட் பிரேக்கை விடுவிக்காமல் மழையில் அவசரமாகக் கிளம்பினேன், ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்பேன், கண்ணாடியில் பின்னால் புகை. முன்னால் இருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது, இழுக்கும் சக்தி அவ்வளவு. பின் டயர் இரண்டும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன, பிரேக் கட்டைகளும் போயின. பஞ்சரும் அப்படித்தான், கார் டயரில் காற்று போனது உங்களுக்குத் தெரியவே தெரியாது, அதனால் காற்றழுத்தம் காட்டும் சென்சாரை நாலு சக்கரத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நான் கிளம்பி நூறு மீட்டர் போனதும் நிறுத்தி இறங்குகிறேன், நாலு சக்கரத்தின் அருகிலும் கையை வைத்துப் பார்க்கிறேன், எதிலாவது சூடு அடித்தால் அங்கேயே நின்றுவிடுவேன். காரின் இன்னொரு சாவி என் சட்டைப் பையில் இருக்கும். கார் கதவு ஒரு தடவை தானே பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே, அந்தக் கதையை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.