கொரியா போறோம், அம்மா சைவம்: ஏஜென்ட் சொல்ற சாப்பாட்டு பேக்கேஜ் எடுக்கலாமா?

திருச்சியில இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "ஏப்ரல்ல நானும் அம்மாவும் சியோல், பூசான் போறோம். நான் எல்லாம் சாப்பிடுவேன், அம்மா மீன் கறி முட்டை எதுவும் தொடமாட்டாங்க. கொரியாவுல சைவம் கிடைக்கவே கிடைக்காது, ரெண்டு வேளை இந்தியன் சாப்பாட்டோட குரூப் பேக்கேஜ்ல வாங்கன்னு ஏஜென்ட் அட்வான்ஸ் கேக்குறார். எனக்கு மார்க்கெட், ரோட்டுக்கடை எல்லாம் சாப்பிட்டுப் பாக்கணும். என்ன பண்றது?"

எடுக்காதீங்க. நம்மூர் ஆளுங்களுக்கு கொரியா ட்ரிப் பிளான் பண்ணித் தர்றதுதான் என் வேலை, இந்த மாதிரி பேக்கேஜ்ல போனவங்க கடைசி நாள் போன் போட்டு "ஒரு வேளையாவது கொரியன் சாப்பாடு எங்க சாப்பிடலாம்"னு கேக்கும்போது எனக்கு வயிறு எரியும். மதியம் எங்க சுத்திட்டிருந்தாலும் அங்கிருந்து பஸ்ல ஏத்தி சியோல்ல இத்தேவான் மாதிரி ஒரு ஏரியாவுல இருக்கிற இந்தியன் ரெஸ்டாரண்ட்டுக்கு கொண்டு போவாங்க, அதே பனீர், அதே நான், டிராஃபிக்ல போய் வர்றதுக்கே பாதி மதியம் போயிடும். நடுவுல ஜின்செங் கடை, காஸ்மெட்டிக்ஸ் கடை, டியூட்டி ஃப்ரீ. இங்கெல்லாம் நீங்க வாங்குறதுல ஏஜென்ட்டுக்கும் கைடுக்கும் கமிஷன் இருக்கு, பேக்கேஜ் விலை கம்மியா தெரியறதே அதனாலதான்.

ஆனா அம்மாவுக்கு கஷ்டம்னு அவர் சொல்றதுல பாதி உண்மை இருக்கு. கஷ்டம் கறியில இல்ல, குழம்புத் தண்ணியில. அங்க சூப், நூடுல்ஸ், ஸ்டூ எதை எடுத்தாலும் நெத்திலி கருவாடு கொதிக்க வச்ச தண்ணியிலயோ மாட்டு எலும்பு கொதிக்க வச்ச தண்ணியிலயோதான் ஆரம்பிக்கும். கிம்ச்சின்ற கார ஊறுகாய்ல மீன் சாஸும் உப்பு போட்ட இறாலும் போடுவாங்க. தொக்பொக்கி பாத்தா அரிசி மாவுத் துண்டும் மிளகாய் விழுதும்தான் தெரியும், அடியில நெத்திலித் தண்ணி, கூடவே மீன் கேக். "மீட் இல்லையே?"ன்னு கேட்டா கடைக்கார அம்மா "இல்ல இல்ல"ன்னு மனசார சொல்லுவாங்க, அவங்க கணக்குல துண்டு துண்டா கறி கிடந்தாதான் கறி. அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க. "நெத்திலி, இறால், மீன் சாஸ், கறி எலும்புத் தண்ணி, முட்டை எதுவும் கூடாது"ன்னு பாப்பகோன்ற மொழிபெயர்ப்பு ஆப்ல கொரியன்ல மாத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே காட்டுங்க.

அம்மாவுக்கு தைரியமா வாங்கித்தரக்கூடியது பிபிம்பாப், சோத்து மேல காய்கறியும் மிளகாய் விழுதும் வச்சு கலந்து சாப்பிடறது. கறியும் முட்டையும் வேண்டாம்னு சொல்லிடுங்க, மிளகாய் விழுதை சில கடையில கொத்துக்கறி போட்டு வதக்கி வச்சிருப்பாங்க, அதுக்கு பதிலா சோயா சாஸ் கேளுங்க, கூட வர்ற சூப்பை நீங்க குடிச்சிருங்க. சியோல்ல ஒரு பிபிம்பாப் 10,000ல இருந்து 12,000 வோன் ஆகும், 1,000 வோன்னா சுமாரா 60 ரூபாய்னு வச்சுக்கோங்க. கஞ்சிக் கடைகள் நிறைய இருக்கு, பரங்கிக்காய் கஞ்சி, சிவப்பு பயறு கஞ்சி ரெண்டும் வயசானவங்களுக்கு நல்லா ஒத்துக்கும். பூசான்ல நாம்போ பக்கம் பிஃப் ஸ்கொயர்ல விதை, பருப்பு அடைச்ச ஹொத்தொக் விப்பாங்க, நம்ம போளி மாதிரி இனிப்பா சூடா இருக்கும், அம்மாவுக்கு ரொம்ப பிடிக்கும்.

கிம்ச்சியை அம்மா தொடவே வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஒரே ஒரு வகை சாப்பாட்டை தவிர. அதை கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுலதான் எல்லாரும் குழம்பிக்கிறாங்க. புத்த கோயில் சாப்பாடுன்னு ஒரு மரபு இருக்கு, அதுல கறி மீன் கிடையாது, பூண்டு, வெங்காயத்தாள் வகையறா கிடையாது, அவங்க ஒதுக்கி வச்ச அஞ்சு வாசனைப் பொருள்ல நம்ம பெருங்காயமும் ஒண்ணு. குழம்புத் தண்ணி கடற்பாசியிலயும் காளான்லயும் எடுப்பாங்க, கிம்ச்சியும் மீன் சாஸ் இல்லாமதான் போடுவாங்க. சியோல்ல ஜோக்யேசா கோயிலுக்கு எதிர்ல பல்வூ கொங்யாங்னு ஒரு ரெஸ்டாரண்ட், ஜோக்யே புத்த சங்கமே நடத்துறது, அங்க அம்மா கிம்ச்சி உள்பட எல்லாத்தையும் கேள்வி கேக்காம சாப்பிடலாம், முன்கூட்டியே புக் பண்ணிட்டு போங்க. ஆனா இது கோயில் சாப்பாட்டுக்கு மட்டும்தான். கோயிலுக்கு அடுத்த தெருவுல இருக்கிற கடைக்கு இது பொருந்தாது. "மலைக்கீரை பிபிம்பாப்"னு போர்டு வச்ச கடைக்கும் பொருந்தாது, கீரை மலையில இருந்து வந்தாலும் கிம்ச்சியில இறால் இருக்கும். இன்சாதோங்ல கோயில் ஸ்டைல்னு போட்டிருக்கிற கடையில ஸ்டைல் மட்டும் கோயிலா இருக்கலாம், அங்கயும் ஸ்க்ரீன்ஷாட்டை காட்டுங்க. கோயில்ல ஒரு ராத்திரி தங்குற டெம்பிள்ஸ்டே எடுத்தா அங்க போடற சாப்பாடு இந்த வகைதான், சியோல் வடக்குப் பக்கம் மலையடிவாரத்துல இருக்கிற ஜின்க்வான்சா இதுக்குன்னே பேர் வாங்கின கோயில்.

இப்ப உங்க விஷயம். சாம்க்யொப்சால் மாதிரி கறி சுடுற கடையில பெரும்பாலும் ரெண்டு பேர் அளவுக்கு குறைஞ்சு ஆர்டர் எடுக்க மாட்டாங்க, அம்மா சும்மா உக்காந்திருந்தாலும் நீங்க ரெண்டு பங்கு வாங்கித்தான் ஆகணும். பல கடையில ஆளுக்கு ஒரு ஐட்டம் கட்டாயம்னும் எழுதி வச்சிருப்பாங்க. அதனால ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடறதுக்கு டிபார்ட்மென்ட் ஸ்டோர் கீழ்த்தள ஃபுட் கோர்ட்தான் சரி, நீங்க பூசான் பன்றி சூப் சோறு மாதிரி ஏதாவது எடுங்க, அம்மா கஞ்சி எடுக்கட்டும். டிப்ஸ் கிடையாது, தண்ணி ஃப்ரீ, தொட்டுக்கற பஞ்சான் தீர்ந்தா திரும்ப கேக்கலாம், காசு கேக்க மாட்டாங்க. ஸ்பூன், சாப்ஸ்டிக் டேபிளுக்கு பக்கவாட்டுல டிராயர்ல இருக்கும்.

மார்க்கெட்னா சியோல்ல க்வாங்ஜாங் போங்க, 1905ல ஆரம்பிச்சது. பாசிப்பயறு அரைச்சு சுடற பிந்தேத்தொக் நீங்க சாப்பிடுங்க, மாவுல கிம்ச்சியும் பல கடையில பன்றிக்கறியும் இருக்கும், அம்மாவுக்கு கொடுக்காதீங்க. 2023 நவம்பர்ல இந்த மார்க்கெட்ல 15,000 வோனுக்கு கையளவு ஜொன் (அடை மாதிரி) தட்டு கொடுத்தாங்கன்னு வீடியோ வந்து பெரிய சண்டையாச்சு, அதனால விலையும் அளவும் எழுதி இருக்கிற கடையில மட்டும் உக்காருங்க, "ரெண்டு மூணு வகையை மிக்ஸ் பண்ணித் தரட்டுமா"ன்னா வேண்டாம்னு சொல்லுங்க. நொர்யாங்ஜின் மீன் மார்க்கெட்ல இன்னும் கவனம். கீழ மீன் விக்கறவரு "மேல என் ஆளு கடை"ன்னு கையோட கூட்டிட்டுப் போவாரு, அங்க டேபிள் போட தலைக்கு இவ்வளவு, சமைக்க இவ்வளவு, மிச்சத்துல சூப் வைக்க இவ்வளவுன்னு தனித்தனியா ஏறும். மீனை தராசுல வைக்கும்போதே மொத்தத்தையும் போன் கால்குலேட்டர்ல அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. இன்ச்சோன் ஏர்போர்ட்ல "டாக்ஸி, டாக்ஸி"ன்னு கிட்ட வந்து கேக்கற ஆளோட போகவே போகாதீங்க, ஏர்போர்ட் ரயில் நேரா சியோல் ஸ்டேஷன் போகுது.

எனக்கு கோவம் வர்ற விஷயம் வேற. இவ்வளவு டூரிஸ்ட் வேணும்னு கூப்பிடற நாட்டுல எதைத் தொட்டாலும் கொரியன் போன் நம்பர் கேக்கும். ஃபுட் டெலிவரி ஆப்புக்கு நம்பர் வெரிஃபிகேஷன், நல்ல கடை வாசல்ல வெயிட்டிங் மிஷின்ல நம்பர் போட்டாதான் க்யூவுலயே சேர்க்கும், உங்க சிம் டேட்டா மட்டும்னா முடிஞ்சது. கூகுள் மேப்புக்கு விரிவான மேப் டேட்டாவை வெளிய கொடுக்க மாட்டோம்னு 2016லயே அரசாங்கம் மறுத்தாங்க, அந்த இழுபறிக்கு நடுவுல மாட்டினது வழி தெரியாம நின்ன நாமதான். நேவர் மேப் போட்டுக்கோங்க, வாய்ஸ் கால் நம்பரோட வர்ற சிம் வாங்குங்க, அது இல்லேன்னா கடை ஆளையே கூப்பிட்டு பேர் எழுதிக்கச் சொல்லுங்க, நிறைய பேர் செய்வாங்க. பஸ், மெட்ரோவுக்கு டி-மனி கார்டு எந்த கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயும் கிடைக்கும், டாப்-அப்புக்கு கையில வோன் நோட்டா வச்சுக்கோங்க, பல இடத்துல நம்ம கார்டை எடுக்காது.

விசாவும் ஏஜென்ட் கையிலதான் இருக்குன்னு பயப்படாதீங்க. இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு சியோல், பூசான் போக முன்கூட்டியே டூரிஸ்ட் விசா வேணும், கே-ஈட்டிஏன்னு ஒரு ஆன்லைன் அனுமதியை வாங்கித் தர்றேன்னா அது விசா தேவைப்படாத நாட்டுக்காரங்களுக்கானது, பணம் கொடுக்காதீங்க. "கேரன்ட்டி விசா"ன்னு யாரும் தர முடியாது. பேங்க் ஸ்டேட்மென்ட்ல திடீர்னு பணம் போட்டு காட்டலாம்னு சொல்ற ஆளை அப்பவே விட்டுடுங்க, மாட்டினா அடுத்த தடவைக்கும் சேர்த்து கெடுத்துடும்.

கிச்சன் இருக்கிற தங்குமிடமா எடுங்க, திருச்சியில இருந்தே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் நல்லா சீல் பண்ணி லக்கேஜ்ல போடுங்க, கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல மைக்ரோவேவ்ல வைக்கிற சோறு டப்பா கிடைக்கும், காலையில அம்மாவுக்கு அது போதும். ஏஜென்ட்கிட்ட அட்வான்ஸ் ஏற்கனவே கொடுத்திருந்தா, எந்த நாள் எந்த கடைக்கு ஷாப்பிங் கூட்டிட்டுப் போறாருன்னு எழுத்துல கேளுங்க. தரலேன்னா அதையே காரணமா சொல்லி கேன்சல் பண்ணி காசை திருப்பிக் கேளுங்க.