மனையை விற்க வேண்டாம், ஐயா

விருதுநகரிலிருந்து ஒரு தந்தை, மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க அவளோடு என்னிடம் வந்திருந்தார். மைத்துனரின் பேச்சைக் கேட்டு, தனியார் கல்லூரி ஒன்றில் செயற்கை நுண்ணறிவுப் படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசியிருக்கிறார். அதற்காக மனையை விற்கப் போகிறாராம். "பெண்ணுக்கு வேதியியல்தான் பிடிக்கிறது. அதில் என்ன சார் எதிர்காலம்?" என்றார்.

உங்கள் பயம் புரிகிறது, ஐயா. முடிவுதான் தவறு. மைத்துனர் கட்டணம் கட்டப் போவதில்லை. நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்காரப் போவதும் அவரில்லை.

உங்கள் மகள் பள்ளிக் கண்காட்சிக்கு, பஜ்ஜி பொரித்த எண்ணெயில் பயோடீசல், அதாவது தாவர எண்ணெயிலிருந்து வரும் டீசல், செய்தாள். எல்லாரும் மேலே மிதந்த எரிபொருளைப் பார்த்தார்கள். அவளோ அடியில் தங்கிய பழுப்புப் பாகைக் காட்டி, "இதை என்ன செய்வது?" என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறாள். அதுதான் கிளிசரால்; தூய்மையாக இருந்தால் மருந்துகளில் சேர்ப்பார்கள். 100 கிலோ பயோடீசலுக்குச் சுமார் 10 கிலோ வரும். மெத்தனால், சோப்பு, உப்பு எல்லாம் கலந்திருப்பதால் அப்படியே மருந்துக்கு ஆகாது. பயோடீசல் ஆலைகள் பெருகியபோது விலை சரிந்து, சிலர் அதை எரித்தே தீர்த்தார்கள்.

அவள் கேட்ட அதே கேள்விதான் ஒரு தொழிலையே திருப்பிப் போட்டது. எபாக்சி என்ற வலுவான ஒட்டுப் பிசினைச் செய்ய எபிகுளோரோஹைட்ரின் என்ற வேதிப்பொருள் வேண்டும். ஆரல்வாய்மொழியில் நாம் பார்க்கும் காற்றாலை இறக்கைகளுக்குக்கூட எபாக்சி பயன்படுகிறது. முன்பு பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் புரோப்பிலீன் வாயுவிலிருந்து எபிகுளோரோஹைட்ரின் செய்து, அதிலிருந்து கிளிசராலும் செய்தார்கள். கிளிசரால் மலிந்ததும் பாதை தலைகீழானது: கிளிசராலோடு ஹைட்ரஜன் குளோரைடு, பிறகு காரம். இந்த வழியில் பெல்ஜியத்தின் சால்வே நிறுவனம் 2012இல் தாய்லாந்தின் மாப் தா புட்டில் ஆண்டுக்கு 1,00,000 டன் ஆலையைத் தொடங்கியது. 2022இல் குஜராத்தின் தஹேஜில், இன்று எபிகிரல் எனப்படும் நிறுவனம் 50,000 டன் ஆலையை அமைத்தது. வினையை வேகப்படுத்தும் தாமிர வினையூக்கியால் கிளிசராலை, உறைதடுப்பு நீர்மங்களில் பயன்படும் புரோப்பிலீன் கிளைக்காலாக மாற்றிய மிசௌரி பல்கலைக்கழகப் பேராசிரியர் கேலன் சப்பீஸுக்கு 2006இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது கிடைத்தது. கிளிசராலைத் தின்று, இழை தயாரிக்க உதவும் புரோப்பேன்டையாலைத் தரும் பாக்டீரியாக்களும் உண்டு. எனக்கு இன்றும் வியப்பூட்டுவது அதுதான்.

இதற்கெனத் தனிப் பட்டம் கிடையாது. வேதிப் பொறியியல் படிக்க வேண்டும்; வினையூக்கம், நொதித்தல், பிரித்தெடுத்தல் இவற்றில் ஆழ வேண்டும். சென்னையில் 1944இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியைக் கலந்தாய்வில் முதலில் குறிக்கட்டும். கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சென்னை ஐ.ஐ.டி.யிலேயே வினையூக்க ஆய்வுக்கென்று தேசிய மையம் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். வினையூக்கி கரி படிந்து செத்துப்போகும். மாதக்கணக்கில் உழைத்தது வீணாகும். ஆலை வேலை என்றால் இரவுப் பணியும் வெளிமாநிலமும் வரும். அதைத் தாங்க விருப்பம் வேண்டும். அது அவளிடம் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து வாங்கப் பார்க்கும் படிப்பின் மீது அவளுக்கு அந்த விருப்பம் இல்லை.

முன்பணம் கட்டிவிட்டீர்களா? கட்டியிருந்தால் நாளைக் காலையே போய்த் திருப்பிக் கேளுங்கள்.