டைம் டேக்கர், கவுண்டர்: புதிய மென்பொருள் வசதிகள் பற்றிக் கேள்வி பதில்

டைம் டேக்கர், ஒவ்வொரு துடிப்பும் வந்த நேரத்தை ஒரு குறியாகப் பதியும் பெட்டி. கவுண்டர், நேர இடைவெளியையும் அதிர்வெண்ணையும் அளப்பது. பிகோ நொடி (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அளக்கும் இந்தக் கருவிகளில் இப்போது பாதி வேலையை மென்பொருள்தான் செய்கிறது. கேட்பவர்கள் டிரிக்கர் அளவு (எத்தனை வோல்ட்டைத் தொட்டால் துடிப்பு என்று எண்ண வேண்டும்), கேபிள் நீளம், ரெஃபரன்ஸ் (கருவி நம்பும் கடிகாரம்) எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாமல் பாதிப் பதில்தான் தர முடியும்.

கேள்வி (ஒளியியல் ஆய்வு மாணவி): 80 மெகாஹெர்ட்ஸ் லேசரின் சிங்க் (ஒவ்வொரு லேசர் துடிப்போடும் வரும் மின்துடிப்பு) ஒரு சேனலில், ஃபோட்டான் டிடெக்டர் இன்னொன்றில். ஃபோட்டான் நொடிக்கு 2 லட்சம்தான். ஆனாலும் தரவு நிரம்பி வழிகிறது என்று ‘ஓவர்ஃப்ளோ’ வருகிறதே, சார்?

பதில்: பெட்டியை நிரப்புவது ஃபோட்டான் அல்ல, லேசர். நொடிக்கு 8 கோடி குறிகளை யுஎஸ்பி வழியாகத் தள்ளப் பார்க்கிறீர்கள். ‘கண்டிஷனல் ஃபில்டர்’ என்ற வசதி இதற்காகவே வந்தது. ஃபோட்டான் வந்த பிறகு வரும் முதல் லேசர் துடிப்பை மட்டும் அனுப்பிவிட்டு, மற்றதையெல்லாம் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடும். இரண்டு சேனலும் சேர்ந்து நொடிக்குச் சுமார் 4 லட்சம் குறிகளாகக் குறையும்.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, இப்போது ஃபோட்டான்தான் ஸ்டார்ட், லேசர் ஸ்டாப். அதனால் டிகே வளைவு (ஒளிர்வு நேரத்தோடு தேய்வதைக் காட்டுவது) கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கும். ஒவ்வொரு மதிப்பையும் 12.5 நானோ நொடியிலிருந்து கழியுங்கள், நேராகிவிடும். இரண்டாவது, எது ‘முதல் துடிப்பு’ என்பதைப் பெட்டியின் வாயிலில் வந்து சேரும் வரிசைதான் தீர்மானிக்கிறது. மென்பொருளில் நீங்கள் போடும் டிலே, பல கருவிகளில் ஃபில்டரைத் தாண்டிய பிறகே சேரும். கேபிளை மாற்றிய மறுநாள் வளைவு சரியாக 12.5 நானோ நொடி தள்ளி நின்றால் காரணம் இதுதான்.

உங்கள் எண்ணிக்கை லேசர் வீதத்தில் 0.25 சதவீதம். பைல்-அப் (ஒரே லேசர் சுற்றில் வரும் இரண்டாவது ஃபோட்டான் கணக்கில் விடுபடுவது) பயம் இல்லை. 1 சதவீதத்தைத் தாண்டும்போது கவலைப்படத் தொடங்குங்கள்.

கேள்வி: பைத்தானில் நீண்ட நேரம் ஓட்டினால், இரண்டரை மணி நேரம் கழித்து ஹிஸ்டோகிராம் (எந்த நேரத்தில் எத்தனை குறி என்ற பட்டை வரைபடம்) சீப்புப் பல்லாக மாறுகிறது. ‘பின்’ எனப்படும் ஒவ்வொரு பட்டையின் அகலம் 1 பிகோ நொடி. கருவி சூடாகிறதா?

பதில்: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் நிரலில் எங்கோ ஓரிடத்தில் 64 பிட் முழு எண் ஃப்ளோட்டாக (புள்ளி வைத்த எண்ணாக) மாறுகிறது. ஃப்ளோட்டில் முழு எண்ணைப் பிசகாமல் வைக்க 53 பிட்தான் இடம். பிகோ நொடிக் கணக்கில் அது சுமார் 9,007 நொடி, அதாவது உங்கள் இரண்டரை மணி நேரம். அதன் பிறகு ஒற்றைப்படை எண்களே கிடையாது. ஒன்றுவிட்டு ஒரு பின் காலியாகும். ஐந்து மணி நேரம் தாண்டினால் படி 4 பிகோ நொடி. முதலில் முழு எண்ணாகவே கழியுங்கள், வித்தியாசத்தை மட்டும் ஃப்ளோட்டாக்குங்கள். முழு எண்ணாகவே விட்டால் 106 நாள் தாங்கும்.

யூனிக்ஸ் நேரத்தை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணுவது) நொடியில் ஃப்ளோட்டாகச் சேமிப்பவர்களும் கவனியுங்கள். இன்றைய தேதிக்கு அதன் படி 238 நானோ நொடி.

கேள்வி: ஜிபிஎஸ் ரிசீவரின் ஒரு நொடித் துடிப்பில் ரம்பப்பல் பிழை (மெல்ல ஏறிச் சட்டென்று விழும் நேரப் பிழை). ரிசீவர் தரும் திருத்த மதிப்பைச் சேர்த்தால் இன்னும் மோசமாகிறது.

பதில்: யூ-பிளாக்ஸ் நிறுவனத்தின் டைமிங் ரிசீவர்களில் அந்தத் திருத்தம் *அடுத்த* துடிப்புக்கானது. முன்னால் வந்ததற்கு நீங்கள் சேர்த்திருக்கலாம். கூட்டல், கழித்தல் குறியும் தலைகீழாக இருக்கலாம், ஏனென்றால் எந்தச் சேனல் ஸ்டார்ட் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு மணி நேரத் தரவை எடுத்து, திருத்தத்தை ஒன்று முன்னே, அதே இடம், ஒன்று பின்னே என மூன்று விதமாகவும், கூட்டியும் கழித்தும் பாருங்கள். ஆறில் ஒன்றில் மட்டும் சிதறல் சட்டென்று விழும்.

கேள்வி: என் கவுண்டரிலும் நொடித் துடிப்பு. அவ்வப்போது சில நானோ நொடி தாவுகிறது. டிரிக்கர் ஆட்டோவில்தான் இருக்கிறது.

பதில்: ஆட்டோவை அணையுங்கள். துடிப்பு நொடியில் பெரும்பகுதி சுழியில் கிடக்கிறது. உச்சத்தையும் அடியையும் தேடும் ஆட்டோ அதைத் தவறவிடும், ஒவ்வொரு தடவையும் வேறு அளவைப் பிடிக்கும். உள்ளீட்டை 50 ஓம், டிசி என்றும், டிரிக்கரை நிலையான 1 வோல்ட் என்றும் வையுங்கள். விளிம்பு நானோ நொடிக்கு 0.5 வோல்ட் ஏறினால், டிரிக்கர் 100 மில்லிவோல்ட் நகர்ந்தாலே 200 பிகோ நொடி போச்சு.

கேள்வி (எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகம்): கவுண்டரின் உயர் துல்லிய முறையில் 1 நொடிக்கு ஆலன் டீவியேஷன் (அதிர்வெண் எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு, சிறிதாக இருந்தால் நல்லது) 2 × 10⁻¹³ வருகிறது. கவுண்டரின் ஒற்றை அளவீட்டுத் துல்லியம் 25 பிகோ நொடி. எங்கள் ஆசிலேட்டர் அவ்வளவு நல்லதா?

பதில்: இந்த அளவீட்டை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 25 பிகோ நொடியை √3 ஆல் பெருக்கினால் 1 நொடியில் கருவியின் அடித்தளம் 4.3 × 10⁻¹¹. அதற்குக் கீழே திரை காட்டுகிறது என்றால், கேட் (ஒரு அளவீட்டுக்கான நேரச் சாளரம்) திறந்திருக்கும்போதே ஆயிரக்கணக்கான குறிகளைச் சராசரி செய்கிறது என்று அர்த்தம். அந்தச் சராசரியில் முக்கோண எடை இருக்கிறது, அதாவது நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. ஆலன் சூத்திரம் கேட்பது சம எடை.

மறுப்பு (இன்னொரு உறுப்பினர்): முக்கோண எடை என்றால் அது மாடிஃபைட் ஆலன் என்ற இன்னொரு வகை அளவு. பெயரை மாற்றிக்கொண்டால் போதுமே, ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: அடுத்தடுத்த முக்கோணங்கள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால், முதல் புள்ளிக்கு மட்டும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் 10 நொடிக்கும் 100 நொடிக்கும் மென்பொருள் என்ன செய்கிறது? அந்த அதிர்வெண்களை வெறுமனே கூட்டி வகுக்கிறது. அப்படி வரும் எண் ஆலனும் இல்லை, மாடிஃபைட் ஆலனும் இல்லை.

மறுப்பு: நீண்ட நேரத்தில் ஆலனோடு சேர்ந்துவிடும்.

பதில்: சேரும், கேட் நேரத்தைவிட பல மடங்கு தள்ளிப் போனால். அதை மறுக்கவில்லை. ஆனால் இவர் கேட்டது 1 நொடிப் புள்ளியை. கட்டுரைகளில் பெருமையாகப் போடுவதும் அந்த முனையைத்தான்.

மறுப்பு: அப்படியானால் அந்த முறையையே பயன்படுத்தக் கூடாதா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், அதிர்வெண்ணைப் படிக்க. நிலைத்தன்மை வேண்டுமென்றால் டைம்ஸ்டாம்ப் முறைக்கு (சராசரி செய்யாமல் ஒவ்வொரு நேரத்தையும் பதிவது) மாற்றி, கட்டத் தரவை (அந்த நேர வித்தியாசங்களை) சேமித்து, கணக்கை வெளியே போடுங்கள். அடித்தளம் நேரத்தோடு குறையும். 1,000 நொடியில் 4.3 × 10⁻¹⁴ ஆகிவிடும். 1 நொடியிலேயே 10⁻¹³ பார்க்க வேண்டுமானால் இரட்டை மிக்சர் முறை ஒரு வழி: ஒப்பிடும் இரண்டு சிக்னலையும் பொதுவான மூன்றாவது சிக்னலோடு கலந்து, மெதுவான வித்தியாச அதிர்வாக (பீட்) மாற்றுவது. 10 மெகாஹெர்ட்ஸை 10 ஹெர்ட்ஸ் பீட்டாக இறக்கினால் நேர வித்தியாசம் 10 லட்சம் மடங்கு பெரிதாகும், இதே கவுண்டர் போதும். எப்படி அளந்தாலும் மூலக் குறிகளை அழிக்காதீர்கள். சராசரி செய்ததைப் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

கேள்வி: நொடித் துடிப்பு தாவுகிறது, ஆட்டோ டிரிக்கர்…

பதில்: மேலே சொல்லிவிட்டேன். 50 ஓம், டிசி, நிலையான 1 வோல்ட்.

கேள்வி: எந்தக் கருவி வாங்கலாம்?

பதில்: சேனல் எத்தனை, குறி வீதம் எவ்வளவு, எத்தனை பிகோ நொடி வேண்டும் என்று சொல்லாமல் பதில் இல்லை.

கேள்வி: எனக்கும் ஹிஸ்டோகிராம் சீப்புப் போல வருகிறது. ஆனால் ஓட்டிய முதல் நிமிடத்திலேயே.

பதில்: அது வேறு நோய். உள்ளே இருக்கும் பின்கள் ஒரே அகலத்தில் இல்லை. திருத்த அட்டவணை பழசாகியிருக்கும், மறுபடி கேலிப்ரேஷன் (அளவுத் திருத்தம்) ஓட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் சிக்னல் கருவியின் ரெஃபரன்ஸோடு பூட்டப்பட்டிருக்கக் கூடாது. பூட்டியிருந்தால் சில பின்களிலேயே விழுந்து அட்டவணை பொய்யாகும். டிடெக்டரின் டார்க் கவுண்ட் (ஒளியே இல்லாதபோதும் தாறுமாறாக வரும் குறிகள்) இதற்கு அருமையான சிக்னல்.

கேள்வி: ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பித்த பிறகு சேனல்களுக்கிடையே உள்ள டிலேயை மறுபடி அளக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். 2011இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்குப் போன நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தியதாக ஓபெரா குழு அறிவித்தது. அடுத்த ஆண்டு தெரிந்த முதன்மைக் காரணம், ஜிபிஎஸ் சிக்னலைக் கொண்டுவந்த ஃபைபர் இணைப்பு சரியாக இறுகாமல் கொடுத்த தாமதம். நிலையான தாமதம் சிதறலில் தெரியவே தெரியாது.

ஒரே துடிப்பை 50 ஓம் பவர் ஸ்ப்ளிட்டரில் பிரித்து, இரண்டு சேனலுக்கும் கொடுங்கள். 10,000 அளவீடுகளின் சராசரியைக் குறியுங்கள். பெட்டிப் பக்கத்தில் இரண்டு கேபிளையும் இடம் மாற்றி மறுபடி எடுங்கள். இரண்டு சராசரியின் கூட்டலில் பாதி சேனல்களுக்குச் சொந்தம், வித்தியாசத்தில் பாதி கேபிள்களுக்கு. புதுப்பிக்கும் முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை, பதிப்பு எண்ணோடு பதிவேட்டில் எழுதி வையுங்கள்.