மணலில் இழுத்துக் காட்டும் இன்ஜினை வாங்காதீர்கள்

கேள்வி: மதுரையைச் சேர்ந்த நாங்கள் மூன்று நண்பர்கள், அவ்வப்போது தூத்துக்குடி போய் வாடகைப் படகில் ஏறித் தூண்டில் போடுவோம். சில நாள் பாறை மீனும் ஊளி மீனும் சிக்கும். சிக்காத நாளில் ஒருவரை ஒருவர் கலாய்த்தபடி திரும்புவோம். இப்போது பழைய ஃபைபர் படகு ஒன்றை, 9.9 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினோடு சேர்த்து வாங்கலாமா என்று யோசிக்கிறோம். 'ரெண்டு சீசன்தான் ஓடியிருக்கு' என்கிறார் புரோக்கர். கரையில் வைத்து இழுத்துக் காட்டினார், முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. எங்களில் ஒருவன் மட்டும் 'நடுக்கடலில் நின்றுவிட்டால்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். படகில் கால் வைத்தாலே வாந்தி எடுப்பவன் என்பதால் அவன் பேச்சு எடுபடவில்லை. இன்ஜினை நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் மூவரில் கடலைப் புரிந்துகொண்டவர் அந்த வாந்திக்காரர்தான். அடுத்த முறை அவரை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார வைக்காதீர்கள், அங்கேதான் அதிகம் தூக்கிப்போடும். படகின் நடுவில் இடம் கொடுங்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். கரையில் வைத்து இழுத்துக் காட்டினார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. படகின் பின்னால் வெளியே மாட்டும் இந்த அவுட்போர்டு இன்ஜின், தன் கால் இறங்கியிருக்கும் தண்ணீரை உறிஞ்சித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் அந்தக் காலுக்குள் இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம் சுற்றித் தண்ணீரை மேலே தள்ளும். அந்த ரப்பர் உராயாமல் சுற்றுவதற்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். மணலில் வைத்து ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் சூடேறி, இதழ்கள் தேய்ந்து பிய்ந்துபோகும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேருக்கு அவர் இப்படி இழுத்துக் காட்டினாரோ! நல்ல இன்ஜினைக்கூட கெடுத்துவிடும் வேலை இது. இதைப் போய் இன்ஜின் நன்றாக இருப்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

முதல் இழுப்பில் ஸ்டார்ட் ஆனதிலும் பெரிய விஷயமில்லை. நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் சூடாக்கி வைத்திருந்தால் செத்துக்கொண்டிருக்கும் இன்ஜினும் சமர்த்தாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் போனதும் டீ குடிக்க உட்காராமல், மேல்மூடியைக் கழற்றச் சொல்லி சிலிண்டர் தலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் 'நாளைக் காலையில் வருகிறோம்' என்று கிளம்பிவிடுங்கள்.

மறுநாள் இன்ஜினைப் படகில் மாட்டி, தண்ணீரில் இறக்கி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பின்பக்கம் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது சொட்டினாலோ விட்டுவிட்டு வந்தாலோ இம்பெல்லர் போயிருக்கிறது, அல்லது உள்ளே உப்பு அடைத்திருக்கிறது. இம்பெல்லரை மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. உப்பு அடைப்பு அப்படியல்ல. ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கழுவாத இன்ஜினில் நீர்வழி முழுக்க உப்பு கட்டியாகப் படிந்திருக்கும்.

அப்புறம் மூன்று பேரும் ஏறி உட்கார்ந்து, அரை மணி நேரமாவது முக்கால் வேகத்துக்கு மேல் ஓட்டுங்கள். சுமை இல்லாமல் உறுமுகிற இன்ஜின் சுமையோடு சூடானதும்தான் தன் குணத்தைக் காட்டும். திரும்பி வந்ததும் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இழுங்கள். சூட்டில் மறுபடி பிடிக்காத இன்ஜின்தான் உங்கள் நண்பர் பயப்படுகிற அந்த இன்ஜின்.

ஒரு மெக்கானிக்கைக் கூட அழைத்துப் போங்கள். புரோக்கர் 'நம்ம பையன்' என்று கூப்பிடும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் ஆள் இரண்டு வேலை செய்தால் போதும். பிளக்குகளைக் கழற்றி இரண்டு சிலிண்டரிலும் அழுத்தம் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அடுத்து, காலின் கீழ்த் திருகைத் தளர்த்தி கியர் ஆயிலைக் கொஞ்சம் வடியவிட வேண்டும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே கடல்நீர் இறங்கியிருக்கிறது. விலையைக் குறைக்கிறேன் என்றாலும் வாங்காதீர்கள்.

புரோக்கர்களின் இன்னொரு வித்தை பெயின்ட். புதுப் பெயின்ட், புது ஸ்டிக்கர் என்று பளபளக்கும் இன்ஜினைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். வேறு இன்ஜினின் மூடியை எடுத்து இதற்கு மாட்டிவிடுவதும் நடக்கிறது. மூடியில் எழுதியிருப்பதை விடுங்கள், மாட்டும் பிராக்கெட்டில் இருக்கும் வரிசை எண் தகட்டைப் பாருங்கள். தகடு இல்லை, சுரண்டியிருக்கிறது, மேலே பெயின்ட் அடித்திருக்கிறது என்றால் அது திருட்டு இன்ஜினாக இருக்கலாம். மீனவருக்கு அரசு மானியத்தில் கொடுத்த இன்ஜினாகவும் இருக்கலாம். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் முன்பணம் கொடுக்காதீர்கள். 'அவரு கடலுக்குப் போயிருக்காரு' என்பார்கள். போனவர் வரட்டும், காத்திருங்கள்.

படகையும் சும்மா விடாதீர்கள். இன்ஜின் மாட்டும் பின்பலகைக்குள் ஃபைபருக்கு நடுவே மரப்பலகை இருக்கும். திருகு ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உளுத்துப்போவது சகஜம். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மொத்தென்று கேட்கும் இடம் கெட்ட இடம். இன்ஜினைத் தூக்கி நிறுத்தி அதன் காலைப் பிடித்து அழுத்தும்போது பலகை அசைந்தாலும் வேண்டாம்.

இனி எண்ணெய்க் கலவை. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும், பொதுவாக 50-க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மி.லி. பைக்குக்கு ஊற்றும் 2டி ஆயிலைக் கடைக்காரர் 'எல்லாம் ஒண்ணுதான்' என்று கொடுப்பார். ஒன்றில்லை. டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட மரைன் ஆயில்தான் வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அதைத் தெரியாமல் பல பேர் நல்ல இன்ஜினைக் கெடுக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். புரோக்கர் 'போரிங் பண்ணி (அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து), புது பிஸ்டன், புது ரிங் போட்டிருக்கேன்' என்றால், அது உண்மையாக இருக்கும் பட்சத்தில், அந்த இன்ஜின் புதுசு மாதிரி. ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகும்வரை, முதல் 10 மணி நேரத்துக்கு, ஆயில் இரட்டிப்பாக வேண்டும். 25-க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. 25 லிட்டர் கேனுக்கு ஒரு லிட்டர் ஆயில். புகை நிறைய வரும், வரட்டும். அந்த 10 மணி நேரத்தில் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டவும் கூடாது, ஒரே வேகத்தில் வெகுநேரம் வைக்கவும் கூடாது. பத்து மணி முடிந்ததும் 50-க்கு 1-க்குத் திரும்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிளக் கரி பிடித்து அதுவே நடுக்கடலில் நிற்கக் காரணமாகும். போரிங் செய்த பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லாமல் வாய்ச்சொல் மட்டும் என்றால் அழுத்தம் அளந்த கணக்கைத்தான் நம்ப வேண்டும்.

பெட்ரோலிலும் வம்பு இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. பல அவுட்போர்டு கையேடுகள் 10-க்கு மேல் வேண்டாம் என்கின்றன. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். சில வாரம் கிடந்த டேங்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் உறிஞ்சுவது அதைத்தான். படகுக்காரன் வேறு பெட்ரோலுக்கு எங்கே போவான் என்று இந்த முடிவை எடுத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. உங்களால் முடிந்தது இவ்வளவுதான்: புதிதாக வாங்கிக் கலந்து, அன்றன்றைக்குத் தீர்த்துவிடுங்கள். கரைக்கு வரும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் இருப்பது எரிந்து தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

பதிவு, காகிதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாட்டிக்கொள்வீர்கள். மீன்பிடிப் படகுகளை மீன்வளத்துறை பதிவு செய்கிறது, அதற்கு ரியல்கிராஃப்ட் என்ற இணையதளமும் இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்குத் தூண்டில் போடுகிறவன் ஒருவன் இருப்பான் என்பதே நம் படிவங்களுக்குத் தெரியாது. ஒரு ஜன்னலில் கேட்டால் அடுத்த ஜன்னலைக் காட்டுவார்கள். இந்த அலைச்சலைக் காட்டித்தான் புரோக்கர் 'பழைய ஆள் பேர்லயே இருக்கட்டும் சார்' என்பார். இருக்கக் கூடாது. கடலோரக் காவல்படை நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் படகில் இருக்கும் நீங்கள்தான். வான் தீவு, காசுவார் தீவு உள்ளிட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அங்கே படகை ஒதுக்கிச் சமைத்துச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் நிற்கலாம். நின்றால் முதல் வேலை இழுப்பதல்ல, நங்கூரம் போடுவது. தூத்துக்குடி கிழக்கு பார்த்த கரை. ஆனி, ஆடியில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அதனால் கரையோரம் கடல் தட்டையாக, ஆளை ஏமாற்றும் அமைதியோடு இருக்கும். வெளியே போகப்போகத்தான் அலை ஏறும். இன்ஜின் நின்ற படகை அந்தக் காற்று ஆழ்கடல் பக்கம்தான் தள்ளும். நீங்கள் மேல்மூடியைத் திறந்து ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரை மறைந்துவிடும். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருக்கட்டும், அணியத்தில்தான் கட்ட வேண்டும். அமரத்தில், அதாவது பின்முனையில், கட்டினால் அலை பின்னால் ஏறிப் படகு நிறைந்துவிடும். பிறகு டேங்கின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, கில் ஸ்விட்ச் கயிறு (கழன்றால் இன்ஜினை அணைத்துவிடும் கயிறு) மாட்டியிருக்கிறதா, பெட்ரோல் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கோளாறு இவற்றில்தான் இருக்கும். சரியாகவில்லை என்றால் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. உயிர்காப்பு அங்கியைக் கிளம்பும்போதே போட்டிருக்க வேண்டும், உட்காரும் மெத்தையாக வைத்திருப்பதற்கல்ல.

என்னைக் கேட்டால், இந்த வருடம் வாடகைப் படகிலேயே போங்கள். அவ்வப்போது மட்டும் ஓடும் இன்ஜின் தினமும் ஓடுவதைவிடச் சீக்கிரம் கெடும். பிடிவாதமாக வாங்குவதென்றால், ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு வாங்குங்கள். பேரம் பேசப் போகும்போது அந்த மூன்றாவது நண்பரை முன்னால் விடுங்கள், சந்தேகப்படுவதற்கு அவர்தான் சரியான ஆள். வாந்திக்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடச் சொல்லுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து கடலுக்குத்தான் போகும். தூக்கம் வரும் மாத்திரை என்பதால் அன்றைக்கு இன்ஜின் கைப்பிடி அவரிடம் வேண்டாம்.