“தேவை நிரூபிக்கப்படவில்லை” என்று மானிய விண்ணப்பம் திரும்பினால்

வளாக இணைய இணைப்பை 1 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து (நொடிக்கு ஒரு கிகாபிட்) 10 ஆக்க நீங்கள் கேட்ட மானியம் இப்படித் திரும்பியிருக்கிறது, மறுபடி எப்படி எழுதுவது என்கிறீர்கள். வேகத்தைக் கேட்காதீர்கள், எந்த ஆய்வு எங்கே முடங்குகிறது என்பதை எழுதுங்கள். “1 ஜிபிபிஎஸ்ஸை 10 ஆக்க வேண்டும்” என்று மட்டும் இருந்தால் எந்த மதிப்பீட்டாளரும் திருப்பத்தான் செய்வார். ஒரு டெராபைட் மரபணுத் தரவை அனுப்ப 1 ஜிபிபிஎஸ் முழுதாகக் கிடைத்தால் சுமார் இரண்டே கால் மணி நேரம் போதும். உங்களுக்கு ஒரு நாள் ஆகிறது என்கிறீர்கள். அந்த வித்தியாசம்தான் உங்கள் விண்ணப்பமே.

இணைப்பு பாதிகூட நிரம்பவில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் வளாக ஃபயர்வால் மேல், அதாவது உள்ளே வெளியே போகும் தரவையெல்லாம் சோதித்து அனுப்பும் பாதுகாப்புக் கருவி மேல். அலுவலக மின்னஞ்சலுக்கு அது சரி. ஒரே பெரிய தரவு ஓட்டம் வந்தால் பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) தவறவிடும். தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறைக்கு, தொலைதூரத்தில் சிறு இழப்பே போதும், வேகம் படுத்துவிடும்.

ஃபயர்வாலுக்கு உள்ளிருந்து ஒருமுறை, வெளியிலிருந்து ஒருமுறை, தொலைவிலுள்ள அதே சர்வருக்கு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளை ஓட்டுங்கள். ஒற்றை ஸ்ட்ரீம்தான் (ஒரே ஓட்டம்), பல ஸ்ட்ரீம் வைத்தால் குறை மறைந்துவிடும். வெளியே நொடிக்கு 900 மெகாபிட், உள்ளே 80 என்று வந்தால் கேட்க வேண்டியது சயின்ஸ் டிஎம்இசட், அதாவது வளாக ஃபயர்வாலைத் தொடாமல் ஆய்வுத் தரவுக்கென்று தனியாக அமைக்கும் நெட்வொர்க் பகுதி; பெரிய இணைப்பு அல்ல.

நெட்வொர்க் பிரிவிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். அப்புறம், பல மானியங்கள் கருவிக்குத்தான் பணம் தரும்; இணைப்பின் மாதக் கட்டணத்தை யார் கட்டுவார் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.