சீட் சண்டையில் நிறத்தைச் சொல்லித் திட்டினால் அது இனவெறியா?

டெல்லி மெட்ரோவில் சீட்டுக்காக வந்த சண்டையில் நம்மூர்க்காரர் ஒருவரை 'காலா மதராஸி (கறுப்பு மதராஸி), உன் ஊருக்குப் போ' என்று திட்டியிருக்கிறார்கள். இது இனவெறியா, வெறும் கோபமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இனவெறிதான். சண்டை எதற்காக வந்தது என்பது வேறு, எதைச் சொல்லி அவமானப்படுத்தினார் என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் கூட இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். திட்டியவர் மனதில் என்ன இருந்தது என்று யாராலும் திறந்து பார்க்க முடியாது. சீட்டுக்கும் தோல் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாலே போதும்.

2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகர் கடை ஒன்றில் அருணாச்சலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியைக் கேலி செய்தார்கள். அதில் தொடங்கிய தகராறு அடிதடியாகி அவர் உயிரையே பறித்தது. அப்போதும் 'சாதாரணத் தகராறு' என்றவர்கள் உண்டு. பிறகு வடகிழக்கு மாநிலத்தவரின் பிரச்சினைகளை ஆராய மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இத்தகைய அவமதிப்புக்குத் தனிச் சட்டப்பிரிவு கேட்டது. (மணிப்பூர்ப் பிள்ளைகளை அவர்கள் முகத்தோற்றத்தை வைத்து 'சிங்கி' என்று நம்மவர்கள் கேலியாகச் சொன்னாலும் இதே அளவுகோல்தான்.)

சட்டம்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு இனம், மொழி, பிறந்த இடத்தின் பேரில் பிரிவினரிடையே பகை மூட்டுவதைப் பற்றியது. தனி ஒருவரைத் திட்டியதற்கு எளிதில் பொருந்தாது. அமைதியைக் குலைக்கத் தூண்டும் அவமதிப்புக்கு அதே சட்டத்தின் 352-வது பிரிவு இருக்கிறது. அதனால் புகாரில் 'இனவெறியாகப் பேசினார்' என்று மட்டும் எழுதாமல், அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அப்புறம், பக்கத்தில் நின்று கேட்டவர்களின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.